மணல் திட்டில் தொழுத அஸர்

நீங்கள் வாயைத் திறக்கவில்லை, ஹாஜியார். முதல் வரிசையில், என் புருஷனுக்கு நேர் பின்னால் நின்றீர்கள். அவர் பிழை விடுகிறார் என்று உங்களுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

வாசிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது.

நாங்கள் புத்தளம் டவுனில் இருக்கிறோம். ஹாஜியார் எங்கள் மஹல்லாவின், அதாவது எங்கள் பகுதியின், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர். பெயர் எழுதப் போவதில்லை. எங்கள் தெருவுக்குத் தெரியும், அது போதும். என் புருஷன் உப்பளத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். லொறியில் உப்பு மூட்டை ஏற்றும்போது பக்கத்தில் நின்று எண்ணுவதுதான் அவருடைய வேலை. வாயாலேயே எண்ணுவார். நடுவில் யாராவது கதை கொடுத்தால் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணுவார். லொறிக்காரர்கள் வேண்டுமென்றே கதை கொடுத்துப் பார்ப்பார்களாம். அவர் தவறியதில்லை.

பள்ளி இமாம் தன் ஊருக்குப் போகும் நாட்களில் முன்னால் நின்று தொழுவிப்பதும் அவர்தான். சம்பளத்துக்கு அல்ல. ஓதுகிற குரல் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அப்படி ஒருநாள் பின்னேரத் தொழுகையான அஸர் தொழுவித்தார். அஸருக்கு நான்கு ரக்அத், நின்று குனிந்து நெற்றியை நிலத்தில் வைத்து எழும்புகிற நான்கு சுற்று. அவர் மூன்றில் ஸலாம் கொடுத்து முடித்துவிட்டார்.

மனிதர்கள் மறப்பார்கள் என்பதால்தான் மார்க்கத்தில் அதற்கு வழி வைத்திருக்கிறது. முன்னால் நிற்கிறவர் பிழை விட்டால் பின்னால் நிற்கிற ஆண் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று சொல்ல வேண்டும். பெண்ணாக இருந்தால் கையைத் தட்ட வேண்டும். அவர் உணர்ந்து, திருத்தி, கடைசியில் மறதிக்காக இரண்டு தடவை நெற்றியை நிலத்தில் வைத்து ஸஜ்தா செய்துவிட்டால் சரி. சின்னப் பிள்ளைகளுக்கும் மத்ரஸாவில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அன்று ஒரு ஆளும் சொல்லவில்லை. மற்றவர்கள் சந்தேகத்தில் இருந்திருக்கலாம். உங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை, ஹாஜியார். பிறகு தேத்தண்ணிக் கடையில் நீங்களே சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள்: “அவர் மூணுல உட்காரும்போதே எனக்கு விளங்கிட்டுது. என்ன செய்றார் எண்டு பார்ப்பமே எண்டு நிண்டேன்.” அந்தக் கடையில் என் தம்பியும் இருந்தான்.

அதோடு விட்டீர்களா? இல்லை. மைக்கை எடுத்தீர்கள். நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் உங்கள் குரல் வந்தது. தொழுகையை மறுபடியும் தொழ வேண்டும், பிழையாகிவிட்டது, இனி அவரை முன்னால் நிறுத்த மாட்டோம், அவருக்கு மூளையில் மறதி நோய், ஜமாஅத்தார் மன்னிக்கவும் என்றீர்கள். மஹல்லா முழுக்கக் கேட்டது. மீன் கருகியது.

அவர் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். அந்தத் தொப்பி எப்போதும் கதவுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும்.

அதன் பிறகு பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் தனியாகத் தொழுதார். முன்னுக்கு நில்லுங்கள், நான் பின்னால் நிற்கிறேன் என்று அவரிடம் எத்தனையோ தடவை கேட்டேன். “நீ தனியாத் தொழு புள்ள” என்றுவிடுவார்.

ஓம், அவர் மறக்கிறார். அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு மறக்கிறார். பேரப்பிள்ளையின் பெயரை ஒருமுறை மறந்து, மகளின் முகத்தைப் பார்த்துச் சமாளித்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வயதோடு வருகிற மறதியா, வேறு ஏதாவதா என்று இப்போதே சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டிருப்போம் என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கே தெரியாததை நீங்கள் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தீர்கள்.

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் மகள்தான் கல்பிட்டிக்குப் போங்கள் என்றாள். களப்புக் கரையில் ஒரு சின்ன விடுதி, தோணி ஓட்டலாம், சைக்கிள் ஓடலாம், டொல்பின் பார்க்கலாம், எல்லாம் நான் பேசி வைத்திருக்கிறேன் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“எங்களுக்கு என்னடி டொல்பின்? வெள்ளைக்காரனா நாங்க?”

“உம்மா, வாப்பா அந்தத் தெருவ விட்டுக் கொஞ்சம் வெளிய வரட்டும்” என்றாள்.

கல்பிட்டி பஸ் ஏறினோம்.

அந்தக் கரைக்கு நான் முதலில் வந்ததும் ஒரு தோணியில்தான். தொண்ணூறில், யுத்த காலத்தில், மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்களை விரட்டியபோது உடுத்த உடுப்போடு கடலில் வந்து கல்பிட்டியில் இறங்கினோம். நான் அப்போது குமர்ப்பிள்ளை. அதன் பிறகு புத்தளத்துக் கரைத்தீவுப் பக்கம் அகதிகளுக்கான ஓலைக் கொட்டில். அதன் பிறகு புத்தளத்து மாப்பிள்ளை. தோணி என்றால் எனக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. இதை மகளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்; தெரிந்துதான் பேசி வைத்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

விடுதி நடத்துகிறவள் தலவிலப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். நாற்பது வயது இருக்கும். சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பாள். எதைக் கேட்டாலும் சிங்களத்தில் சரி, சரி என்கிற மாதிரி “ஹரி, ஹரி” என்பாள். அவளிடம் பளபளவென்று கியர் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. என் புருஷன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதுல கெரியர் இல்லயே தங்கச்சி. என்ட பொண்டாட்டி எங்க இருப்பா?”

“அக்காக்கு ஓட ஏலாதா?”

“அவ வாய மட்டுந்தான் ஓட்டுவா.”

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது. என்னைத்தான் கடித்தார். பரவாயில்லை. அவள் பின்பக்கம் போய், தன் அப்பா மீன் பெட்டி கட்டிப் போன பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். கெரியரில் மீன் மணம் போகவில்லை. என் அபாயாவைச் சுருட்டி மடியில் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

கலியாணம் முடித்த புதிதில் அப்படித்தான் போவோம். அப்போது சீற்றுக்குக் கீழே இருக்கும் சுருள் கம்பியைத்தான் பிடிப்பேன். தெரு பார்க்கும் என்று அவரைத் தொட மாட்டேன். இந்த முறை அவர் ஷேர்ட்டைப் பிடித்தேன். பார்க்கிறவன் பார்க்கட்டும்.

ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் வெங்காயத் தோட்டம். தூரத்தில் மின்சாரக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் முதுகு வேர்த்து ஷேர்ட் ஒட்டியது. மூச்சு வாங்குகிறதா என்று என் கையை வைத்துப் பார்த்தேன். வாங்கவில்லை. உப்பளத்துக்குக் காலமெல்லாம் சைக்கிளில் போன கால் அது.

ஒரு சந்தி வந்தது. அவர் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார். அப்படியே நின்றார். நான் காத்திருந்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். போகவில்லை. காலையில்தான் விடுதிப் பெண் வழியைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

“வலது பக்கம்” என்றேன்.

“தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் நிக்கிறீங்க?”

“கழுத போவட்டும்.”

உண்மையில் ஒரு கழுதை நின்றது. பின்னால் குட்டி. கல்பிட்டியில் அவை ஆடு மாடு போல ரோட்டில் திரியும். தாய் ரோட்டின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. குட்டி அதன் வயிற்றுக்கு அடியில் தலையை விட்டுப் பால் குடிக்கத் தொடங்கியது. அது குடித்து முடிக்கும் வரை அவர் காலை ஊன்றியபடி நின்றார். நானும் இறங்கவில்லை. கழுதை போனதும் வலது பக்கம் திருப்பினார்.

கழுதைக்காகத்தான் நின்றாரா, வழி தெரியாமல் நின்றபோது கழுதை வந்து காப்பாற்றியதா? எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

அடுத்த நாள் காலையில் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். எஞ்சின் படகு, எங்களோடு வேறு ஆட்கள். யாரோ “அந்தா!” என்று கத்தினார்கள். எல்லோரும் எழும்பி ஃபோனை நீட்டினார்கள். நான் பார்த்தது மனிதர்களின் முதுகு மட்டும். என் புருஷன் படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நான் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கரைக்கு வந்ததும் விடுதிப் பெண் ஆசையாகக் கேட்டாள்:

“எத்தன டொல்பின் கண்டீங்க அண்ணன்?”

அவர் என் பக்கம் திரும்பினார். “அவட்டக் கேளுங்க” என்றார்.

அவர் எண்ணிக்கை சொல்லாதது வாந்தியால் அல்ல. முதல் நாள் சைக்கிளில் போய் உப்புத் தரவை வெளியில் பூநாரைகளைப் பார்த்துவிட்டு வந்தபோதும் அவள் அதையேதான் கேட்டாள். அப்போதும் அவர் “நிறைய” என்று மட்டும் சொன்னார். உப்பளத்தில் வேலை செய்தபோது பூநாரை வந்திறங்கினால் எத்தனை என்று வீட்டுக்கு வந்து சொல்லுகிற மனிதர். எண்ணுவதை விட்டுவிட்டார். அது எனக்கு அந்தக் கேள்வியில்தான் விளங்கியது.

அன்று பின்னேரம் களப்பில், கரைக்குள் ஒதுங்கிய அந்தக் கடலேரியில், தோணி. அதைக் கயாக் என்கிறார்கள். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். விடுதிப் பெண் என் அபாயாவுக்கு மேலே லைஃப் ஜாக்கெட்டை மாட்டி இழுத்துக் கட்டினாள்.

“அக்கா, இப்ப நீங்க விரிச்ச பெரிய குடை மாதிரி” என்றாள்.

“ஏறுறதுக்கு முதல் சிரிச்சு முடி. பொறகு நான் தண்ணிக்குள்ள தாழ்ந்து போனா நீ அழோணும்” என்றேன்.

நான் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணை மூடி ஓதினேன். தண்ணீர் அடியில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தால் தண்ணீர் என் இடுப்பளவில்தான் கிடந்தது, கை விட்டால் தொடலாம். அடியில் கடற்புல் சாய்ந்து சாய்ந்து ஆடியது. அன்று மன்னாரிலிருந்து வந்தபோது தண்ணீரைப் பார்க்க விடாமல் உம்மா என் தலையைத் தன் மடியில் அழுத்தி வைத்திருந்தா. இந்தக் களப்பு இத்தனை தெளிவு என்று எனக்குத் தெரியாது.

“பயமா?” என்று பின்னாலிருந்து கேட்டார்.

“இல்ல.”

“அப்ப துடுப்பத் தண்ணிக்குள்ள போடு. காத்துக்கு வீசுறாய்.”

கண்டல் மரங்களின் ஓரமாகப் போனோம். ஒரு நீலநிற மீன்கொத்தி எங்களுக்கு முன்னால் கிளைக்குக் கிளை போய் இருந்தது, வழி காட்டுகிற மாதிரி. கொஞ்சம் தள்ளி, கரை தெரிகிற தூரத்தில், வெள்ளையாக ஒரு மணல் திட்டு. கொண்டுவந்த பாணையும் மாசிச் சம்பலையும் அங்கே சாப்பிடலாம் என்று ஒதுங்கினோம். தோணியின் மூக்கை மணலில் ஏற்றிவிட்டு இறங்கினோம். மீன்காரத் தோணியை அப்படித்தான் விடுவார்கள். அது மரமும் எஞ்சினுமாகப் பாரமாகக் கிடக்கும், அசையாது. நாங்கள் இருவரும் அப்படித்தான் பார்த்து வளர்ந்தோம். இது பிளாஸ்டிக் என்பது இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

சாப்பிட்டு முடித்தபோது அஸர் நேரமாகியிருந்தது. களப்புத் தண்ணீரில் முகம் கை கால் கழுவி வுழூ செய்தோம். நான் கேட்டேன்:

“இங்க ஒருத்தரும் இல்ல. முன்னுக்கு நில்லுங்க.”

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமான பதில்தான் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“பயணத்துல மாதிரி நாலு ரக்அத்த ரெண்டாச் சுருக்கலாம் எண்டா சுகமா இருக்கும்” என்றார்.

“புத்தளத்துலருந்து கல்பிட்டிக்கு வந்தாப் பயணியா? நாலுதான்.”

“நாலுதான்” என்றார். ஒரு பிள்ளை பாடம் சொல்லுகிற மாதிரி. என் மனம் உடைந்தது. ஆனால் முகத்தில் காட்டவில்லை.

தொழுகிறவருக்கு முன்னால் ஏதாவது ஒன்றை அடையாளமாக வைக்க வேண்டும். அவர் ஒரு துடுப்பை மணலில் ஊன்றினார். மற்றத் துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டுகளும் பக்கத்தில் கிடந்தன. சாரத்தைச் சரிசெய்தார். தக்பீர் சொல்லிக் கையைக் கட்டினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவருக்குப் பின்னால் ஒரு ஆள்.

தொழும்போது கண் ஸஜ்தாவில் நெற்றி வைக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும். அவருடைய கண் அங்கே இருந்தது. என்னுடையது இருக்கவில்லை. நான்காவது ரக்அத்துக்கு எழும்பும்போது பார்த்தேன், இடது பக்கத்தில் தோணி அசைந்தது. வாடைக்காற்றில் சின்ன அலை வந்து மூக்கைத் தூக்கியது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நாங்கள் ஸஜ்தாவிலிருந்து எழும்பி, கடைசியாக அத்தஹிய்யாத் ஓத உட்கார்ந்தபோது அது முழுதாகத் தண்ணீரில் நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பி, விருந்துக்கு வந்து விடைபெறுகிற மாதிரி, போகத் தொடங்கியது.

தொழுகையை முறித்துவிட்டு ஓடியிருக்கலாம். பொருள் போகும்போது முறிக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். அது எனக்குத் தெரியாது என்று வையுங்கள். தெரிந்திருந்தாலும் ஓடியிருக்க மாட்டேன். அவருக்குப் பின்னால் நின்றது நான் ஒருத்தி. நானும் எழும்பி ஓடினால் அவர் யாருக்கு முன்னால் இருப்பார்?

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கையைத் தட்டினேன். வலது உள்ளங்கையால் இடது புறங்கையில், நன்றாகக் கேட்கிற மாதிரி.

அவர் தோள் இறுகியது. தோணியைப் பார்க்கவில்லை. பிறகு கையை ஊன்றி எழும்பினார். ஐந்தாவது ரக்அத்துக்கு.

யா அல்லாஹ்! நான் உட்கார்ந்தே இருந்தேன். மறுபடியும் தட்டினேன். அவர் நின்றுகொண்டே தடுமாறினார். ஓதுகிற உதடு நின்றது. உட்காருவதா நிற்பதா என்று முழங்கால் பாதி மடிந்து நின்றது. தோணி நல்ல தூரம் போய்விட்டிருந்தது. கடைசியில் உட்கார்ந்தார். மறதிக்கான இரண்டு ஸஜ்தாவும் செய்தார். ஸலாம் கொடுத்தார். திரும்பினார்.

அந்த முகத்தை நான் எழுத மாட்டேன்.

“எத்தன தொழுதேன் புள்ள?” என்றார். “மூணா?”

“நாலு! நாலு சரியாத் தொழுதீங்க! தோணி போவுது, அதுக்குத்தான் தட்டினேன்!”

அவர் களப்பைப் பார்த்தார். மஞ்சள் தோணி காற்றுக்குச் சாய்ந்து, ஆள் இல்லாமல், நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு மணலில் ஊன்றிய துடுப்பைப் பார்த்தார். பிறகு என்னை.

முதலில் அவர்தான் சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன், பிறகு நானும் சிரித்தேன். மணலில் இருந்து கொண்டு வயிறு நோகச் சிரித்தோம். தோணி போகிறது, நாங்கள் சிரிக்கிறோம். சிரித்து முடிந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்:

“எனக்கு நாலு எண்டுதான் மனசு சொல்லிச்சு. நீ தட்டினதும் மனச விட்டுட்டேன்.”

ஹாஜியார், அந்த வரியை இன்னொரு முறை வாசியுங்கள். அவருடைய கணக்குச் சரி. அவருக்கு அது தெரிந்தும் இருந்தது. ஆனால் ஒரு கைதட்டலுக்கு அதை விட்டுவிடுகிற ஆளாக அவர் ஆகியிருந்தார். லொறிக்காரர்கள் எத்தனை கதை கொடுத்தும் எண்ணிக்கையை விடாத மனிதர். மறதி அவரிடமிருந்து எதை எடுக்குமோ எனக்குத் தெரியாது. இதை எடுத்தது மறதி அல்ல. நீங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். அவர் துடுப்பால் அடியைத் தட்டித் தட்டி ஆழம் பார்த்துக்கொண்டு போனார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். முழங்கால், தொடை, இடுப்பு. என் அபாயா தண்ணீரில் விரிந்து என்னைச் சுற்றி மிதந்தது. கொஞ்சத் தூரத்தில் தண்ணீரின் நிறம் கறுத்தது. அவர் நின்றார்.

“இங்கருந்து ஆழம். படகு போற வாய்க்கா. நில்லு.”

நின்றோம். தோணி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். என்ன செய்வது என்று யோசிக்க முதல் என் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். மனிதர் விடுகிற மாதிரியே, நீளமாக. திரும்பினேன். ஒரு சாம்பல் முதுகு, நடுவில் கூன் மாதிரி மேடு, தண்ணீரைக் கிழித்து மேலே வந்து உருண்டு உள்ளே போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வாய்க்கால் வழியாக, எங்களிடமிருந்து ஒரு தோணி நீளத்தில். கூன் டொல்பின். கடலில் ஆட்கள் கத்திக் கத்தித் தேடியவை இங்கே சத்தமில்லாமல் மீன் விரட்டிக்கொண்டு போயின. ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அதன் கண் சின்னது. எங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் என் கையை நெரித்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். ஓதுகிறார் என்று நினைத்தேன். ஓதவில்லை.

அவை போன பிறகு, “ஏழு” என்றார்.

“ஆறு.”

“ஏழு. ஒண்டு குட்டி. தாய்க்கு அங்கால பக்கத்தால ஒட்டிக்கொண்டு போச்சு, நீ காணல்ல.”

“நான் நல்லாப் பார்த்தேன். ஆறு.”

“இப்ப நீ கை தட்டினாலும் ஏழுதான்” என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அப்படி நான் வாயை மூடியது எங்கள் வீட்டில் அதிகம் நடந்ததில்லை.

எஞ்சின் சத்தம் கேட்டது. ஒரு மீன்காரர் தன் படகுக்குப் பின்னால் எங்கள் மஞ்சள் தோணியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் கிழவனும் கிழவியும், கையில் ஒரு துடுப்பு.

“ஆள் இல்லாமத் தோணி வருது. ஜின் ஏதும் ஓட்டுதா எண்டு பார்த்தேன்” என்றார். பிறகு என் புருஷனை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்: “என்ன நானா, குளிக்க வந்தீங்களா?”

“தொழ வந்தம்” என்றார் என் புருஷன்.

“தோணிய இழுத்து வெச்சிட்டுத் தொழுறதில்லயா?”

“இழுத்துத்தான் வெச்சம். அது தொழாமப் போயிட்டுது.”

மீன்காரர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. பிறகு அவர் கையைக் கொடுத்து என்னை ஏற்றினார். அபாயா ஒரு மூட்டைத் தண்ணீரோடு வந்தது. “ராத்தா களப்பில பாதிய அள்ளிட்டா” என்றார். மணல் திட்டுக்குப் போய் மற்றத் துடுப்பையும் எடுத்துத் தந்துவிட்டு, கரை வரைக்கும் எங்களை இழுத்துக்கொண்டு வந்து விட்டார்.

விடுதிப் பெண் கரையில் நின்றாள். “ஐயோ, என்ன அக்கா இது கோலம்!” என்றாள். என் புருஷன் அவளுடைய அடுத்த கேள்விக்குக் காத்திருக்கவில்லை. “ஏழு டொல்பின் தங்கச்சி” என்றார். “ஒண்டு குட்டி.”

“ஹரி, ஹரி!” என்று கையைத் தட்டினாள். அந்தக் கைதட்டலுக்கு அவர் அசையவில்லை.

அடுத்த நாள் விடிய ஸுபஹுத் தொழுகைக்கு நான் கேட்கவே இல்லை. அவராக முன்னால் விரிப்பைப் போட்டுவிட்டு, “எழும்பு, நேரமாவுது” என்றார்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டில் அவர்தான் எனக்குத் தொழுவிக்கிறார். நான் கையைத் தட்ட வேண்டி வரவில்லை. வந்தால் தட்டுவேன். அவர் திருத்துவார். நாளைக்கு டாக்டர் அது அந்த நோய்தான் என்று சொன்னாலும் அப்படித்தான். முன்னால் நிற்கிறவர் மறந்தால் நினைவூட்டத்தானே பின்னால் ஆள் நிற்கிறது? வேடிக்கை பார்க்கவா?

தொப்பி அலுமாரியிலிருந்து வெளியே வந்து மறுபடியும் ஆணியில் தொங்குகிறது. அஸருக்கு உங்கள் பள்ளியில் பாங்கு சொன்னால் அவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு கேற்று வரைக்கும் போகிறார். கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தெருவில் ஆட்கள் பள்ளிக்குப் போகிறார்கள். ஸலாம் சொன்னால் பதில் சொல்கிறார். பிறகு உள்ளே திரும்பி வருகிறார். ஒவ்வொரு நாளும். கல்பிட்டிக் களப்பால் அவரைக் கேற்று வரைக்கும்தான் கொண்டுவர முடிந்தது. கேற்றிலிருந்து பள்ளி வரைக்கும் இருக்கிற தூரம் உங்களுடையது.

அவர் எதையும் கேட்க மாட்டார். என்னிடமும் விடு என்றார். நான் விட மாட்டேன். அவரை மறுபடியும் முன்னால் நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைப் பள்ளி தீர்மானிக்கட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வந்து காதுக்குள் மன்னிப்புக் கேட்காதீர்கள். ஆள் அனுப்பாதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், ஜனம் கலைய முதல், அதே மைக்கை எடுங்கள். அதே ஒலிபெருக்கியைத் திறந்து வையுங்கள். நான் அதே குசினியில்தான் இருப்பேன். அவர் கேற்றில் நிற்பார்.

மஹல்லா முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள், ஹாஜியார்: உங்களுக்குத் தெரிந்திருந்தது. ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று சொல்ல உங்கள் வாய் ஏன் திறக்கவில்லை?